அப்பா ஏன் காலடி பார்த்து நடக்கிறார்?

காட்பாடிக்காரன்:
வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் இருப்பாங்க. எங்க வீட்டில் அப்பா. 1987-ல் இலங்கைக்கு அனுப்பின இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். வரப்பில் அவர் முன்னால் நடந்து நான் பார்த்ததே இல்லை. முன்னால் போறவன் கால் வெச்ச இடத்திலேயே அச்சுப் பிசகாமல் கால் வெப்பார். அது கண்ணிவெடிக்குப் பழகின நடைன்னு எனக்குப் புரிய இருபது வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் கேன்டீன் ரம் பண்ற வேலைன்னு நாங்களே சிரிச்சிருக்கோம்.

படுக்கிறது வாசப்படிக்குக் குறுக்கே. தொட்டு எழுப்பினா கை ஓங்கிடுவார். அம்மா தள்ளி நின்னு துடைப்பக் குச்சியால கால் கட்டைவிரலைத் தட்டுவாங்க.

வெடிச்சத்தம்தான் காரணம்னு நினைச்சிருந்தேன். போன பொங்கலன்னைக்கு அவரே சொன்னார்: "வீடு வீடா சோதனை. கூட வந்தவனுக்கெல்லாம் தமிழ் தெரியாது. அந்தப் பொம்பளைங்க கும்பிட்டு அழுறது அவனுங்களுக்கு வெறும் சத்தம். எனக்கு மட்டும்தான்டா புரிஞ்சுது." எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் இறங்கினப்போ முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகலை. அதைச் சொல்லி அப்பாவைக் கிளறினேன். "சரிதானே"ன்னார்.

மதுரை அக்கா:
எங்க வீட்டுக்காரர் காஷ்மீரில் இருந்தவர். சர்வீஸில் இருந்தவரைக்கும் தூக்கம் வரலைன்னு வாயே திறக்கலை. மெடிக்கல் கேட்டகரி, அதாவது ராணுவத்தில் போடுற உடல்தகுதித் தரம், இறங்கினா பிரமோஷன் போயிடுமே. பென்ஷனில் வந்தப்புறம்தான் முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிகிளினிக் போய், அங்கிருந்து மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. கெட்ட கனவுக்கு பிராசோசின் எழுதினார். மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரைன்னு சொல்லிட்டாங்க, "எனக்கேது பிரஷர்"னு இவர் சண்டைக்கே போயிட்டார். கனவுக்கும் அதைக் கொடுக்கிறதுண்டாம். எல்லாருக்கும் கேட்காது, இவருக்குக் கேட்டுச்சு. தலை சுத்தும், மெதுவாத்தான் எழுந்திருக்கணும்.

பட்டாசுக்குப் பயப்படுவாரான்னு எல்லாரும் கேட்கிறாங்க. பட்டாசை அவரே கொளுத்துவார். டீசல் புகைதான் ஆகாது. பஸ் ஸ்டாண்ட் பக்கமே வரமாட்டார்.

டொரொண்டோவிலிருந்து:
நான் அப்ப யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில கொக்குவிலில இருந்தனான். பதினொரு வயசு. எங்கட வீட்டுக்கும் இந்தியன் ஆமி வந்தது. அதில ஒருத்தர் தமிழ் கதைச்சவர். அம்மாவுக்கு அவரிலதான் கூடப் பயம். நாங்கள் முணுமுணுக்கிறதெல்லாம் அவருக்கு விளங்குமே. இப்பவும் சப்பாத்து (பூட்ஸ்) சத்தம் கேட்டால் எனக்கு மூச்சு அடைக்கும். கோபம் போகேல்லை, அதில பொய் சொல்ல ஏலாது. ஆனால் உங்கட அப்பா காலடி பார்த்து நடக்கிறதை வாசிச்சதில இருந்து ரெண்டு நாளா அதே நினைப்பு. அவருக்கு ஒரு டொக்டரைக் காட்டுங்கோ தம்பி.

காட்பாடிக்காரன்:
அப்பாவுக்கு இன்னும் வாசிச்சுக் காட்டலை அக்கா, தைரியம் வரலை. அம்மா படிச்சாங்க. "அந்தப் பொண்ணு இப்ப நல்லா தூங்குறாளா, கேளு"ன்னாங்க.