வயோலா இல்லாத குழுவுக்கு எந்த நோட்டேஷன் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் சர்ச்சில் இரண்டு வயலின், ஒரு ஃப்ளூட், ஒரு பி ஃப்ளாட் கிளாரினெட், ஒரு செலோ என்று ஐந்து பேர் வாசிக்கிறோம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நோட்டேஷன் தேடுகிறேன்.

வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வயோலா இல்லாததுதான் சிக்கல். ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், வயோலா, செலோ) பதிப்பை எடுத்தால் நடுக்குரல் விட்டுப்போகிறது. அதைக் கிளாரினெட்டுக்குத் தரலாம். ஆனால் வயோலா பார்ட், கிளாரினெட் படிக்கும் ட்ரெபிள் கிளெஃபில் இல்லாமல், கோடுகளுக்கு வேறு சுரங்கள் வரும் ஆல்ட்டோ கிளெஃபில் இருக்கும். கிளாரினெட்டோ எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும், எனவே எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். அப்படியும் வயோலாவின் அடித்தந்திச் சுரம் அதற்கு எட்டாது. ஸ்கேலும் முக்கியம்: வயலினுக்குச் சுகமான டி மேஜர், கிளாரினெட்டுக்கு நான்கு ஷார்ப் உள்ள ஈ மேஜர் ஆகிவிடும். எஃப் மேஜர் கிடைத்தால் எல்லாருக்கும் நிம்மதி.

கிளாரினெட் பார்ட் தனியாக அச்சிட்டு வரும் தொகுப்பு ஏதாவது வாசித்திருக்கிறீர்களா? மூன்றாம், நான்காம் கிரேடு அளவு போதும்.

அப்புறம், செலோ வாசிக்கும் தம்பி இசையமைப்பாளர் பாக்கின் (J. S. Bach) தனிச்செலோ தொகுப்புகளை ஆரம்பிக்க ஆசைப்படுகிறான். பாக் கையால் எழுதிய பிரதி கிடைக்காததால் வில் வீச்சுக் குறிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. விரல் குறிகளும் சேர்ந்த, மாணவருக்கு ஏற்ற பதிப்பு எது? ஆசிரியர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவி.