ஜாப் கார்டுல என்ன எழுதினாங்க? மெல்போர்ன்ல வண்டி, வாரண்டி, சர்வீஸ்

போன வாரம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "டீலர்கிட்ட செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி ரெண்டு மாசம் ஆகுது, ஏதோ சத்தம் வருது, கொண்டு போய்க் காட்டினா ஒண்ணும் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, என்ன பண்றது?" தனித்தனியா டைப் பண்றதுக்கு இங்கேயே எழுதிடறேன். நான் இருக்கிறது மெல்போர்ன்ல கிளென் வேவர்லி பக்கம், அதனால சொல்றது விக்டோரியா கணக்கு. மத்த மாநிலத்துல இருக்கிறவங்க உங்க ஊர் விதியை ஒரு தடவை பாத்துக்கோங்க. நாடு முழுக்கப் பொருந்துற சட்டம் வரும்போது அதைத் தனியா சொல்றேன்.

ஊர்ல வண்டியை விட்டா மெக்கானிக் பக்கத்துலயே நிப்போம். "அண்ணே, அந்த முன் வீல் கிட்ட"ன்னு கையைக் காட்டுவோம். அவர் அடியில படுத்துக்கிட்டே "ஸ்டார்ட் பண்ணுங்க, கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க"ம்பார். சத்தம் அவர் காதுலயும் விழும், நம்ம காதுலயும் விழும். இங்க மெக்கானிக் முகத்தையே பாக்க மாட்டீங்க. கவுண்டர்ல சர்வீஸ் அட்வைசர் ஒருத்தர் சிரிச்ச முகமா கேட்டுட்டு கம்ப்யூட்டர்ல ஒரு வரி தட்டுவார். அந்த வரி ஏறுற வேலைத் தாளுக்குத்தான் ஜாப் கார்டுன்னு பேர், உள்ள போறது அது மட்டும்தான். நீங்க பத்து நிமிஷம் விளக்கினதை அவர் "சத்தம் வருதாம், பாக்கவும்"னு தட்டியிருந்தா, மெக்கானிக் வண்டியைத் தார் ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு "கோளாறு எதுவும் தென்படவில்லை"ன்னு எழுதி அனுப்பிடுவார். அவர்மேல தப்பு இல்ல. அவர்கிட்ட வந்தது அவ்வளவுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். வந்த புதுசுல, ஏப்ரல் மாசம், ஒரு டீலர்கிட்ட அஞ்சு வருஷம் ஓடின ஹேட்ச்பேக் வாங்கினேன். மூணாவது வாரமே முன்னாடி இடது பக்கம் "டொக்... டொக்"னு ஒரு சத்தம். காலையில மட்டும், மெதுவா போகும்போது மட்டும். டீலருக்குப் போன் போட்டேன். ரொம்பத் தன்மையா பேசினார். "பழைய வண்டின்னா கொஞ்சம் இருக்கும், அடுத்த சர்வீஸுக்கு வர்றப்போ பாத்துடலாம்"னார். நானும் சரின்னுட்டேன். அடுத்த சர்வீஸ் ஆகஸ்ட்ல. வாரண்டி முடியறது ஜூலையில. இது என் மண்டையில ஏறவே ரெண்டு வாரம் ஆச்சு. ஏறினதும் அன்னைக்கே மெயில் போட்டேன்: இந்தத் தேதி, இத்தனை கிலோமீட்டர்ல சத்தம் ஆரம்பிச்சது, இந்தத் தேதி போன்ல சொன்னேன், எப்போ கொண்டு வரட்டும்? போன்ல "பாத்துடலாம்"னவர், மெயிலுக்கு ஒரு மணி நேரத்துல தேதி குடுத்தார்.

அந்த வாரண்டி என்னன்னு சொல்லிடறேன். விக்டோரியாவில லைசென்ஸ் உள்ள டீலர் விக்கிற பழைய வண்டி, 10 வருஷத்துக்கு உள்ளயும் 1,60,000 கிலோமீட்டருக்குக் கீழயும் இருந்தா, சட்டப்படியே 3 மாசம் அல்லது 5,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு, எது முதல்ல வருதோ அது. டீலர் பெரிய மனசு பண்ணிக் குடுக்கிறது இல்ல இது, குடுத்தே ஆகணும். டயர், பேட்டரி மாதிரி சிலது இதுல வராது. சிட்னிக்கு ஒரு தடவை போய் வந்தாலே 1,700 கிலோமீட்டர் தாண்டிடும், அதனால மாசக் கணக்கை மட்டும் நம்பாதீங்க. தனி ஆள்கிட்ட நேரா வாங்கின வண்டிக்கும் ஏலத்துல எடுத்த வண்டிக்கும் இந்த வாரண்டி கிடையாது. விலை குறைவா இருக்கேன்னு பாயறதுக்கு முன்னாடி இதையும் கணக்குல சேத்துக்கோங்க. டீலர்கிட்ட கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினா மூணு வேலை நாள் அவகாசமும் உண்டு, ஒரு சின்னத் தொகையைப் பிடிச்சுக்கிட்டு மீதியைத் தருவாங்க. ஆனா வண்டியை எடுத்துட்டு வந்துட்டீங்கன்னா அந்த அவகாசம் போச்சு. "இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க சார்"னு அவசரப்படுத்தினா இதை நினைச்சுக்கோங்க.

கதைக்கு வர்றேன். முதல் தடவை விட்டேன், கோளாறு இல்லைன்னாங்க. ரெண்டாவது தடவையும் அதே. வண்டி காலையில இருந்து அவங்க ஷெட்டுக்குள்ள கதகதன்னு நின்னுட்டு மத்தியானம் ரோட்டுக்கு வந்தா சத்தம் எப்படி வரும்? மூணாவது தடவை முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அவங்க வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டேன். காலையில ஏழரைக்குப் போய், "மெக்கானிக்கோட நானும் உக்காந்து வர்றேன், பத்து நிமிஷம் போதும்"னு கேட்டேன். முகம் சுளிப்பாங்கன்னு நினைச்சேன், சாதாரணமா ஒத்துக்கிட்டாங்க. ஜூன் மாசக் குளிர், கண்ணாடியெல்லாம் பனி. டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும்போது டொக். அடுத்த வேகத்தடையில டொக். அந்தப் பையன் என் பக்கம் திரும்பாமலே "ஸ்வே பார் லிங்க்"னான். ஒரு சாண் நீளக் கம்பி, ரெண்டு முனையிலயும் குமிழ் மாதிரி ஒரு மூட்டு. அந்த மூட்டு தேஞ்சிருந்தது. மாத்தி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகல, காசும் வாங்கல. ரெண்டு மாச அலைச்சல் அந்தச் சாண் கம்பிக்கு.

அதனால கவுண்டர்ல நிக்கும்போது கோளாறுக்கு நீங்களே பேர் வைக்காதீங்க. "சஸ்பென்ஷன் போச்சு"ன்னு சொன்னா சஸ்பென்ஷனைப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னுடுவாங்க. டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க: எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் வேகத்துல, எஞ்சின் சூடா இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, பிரேக் போட்டா நிக்குதா, ஸ்டியரிங் திருப்பினா கூடுதா. பக்கத்துல உக்காந்தவங்க போன்ல ஒரு வீடியோ எடுத்து வெச்சுக்கட்டும். ஓட்டிக்கிட்டே நீங்க எடுத்துடாதீங்க, இங்க அதுக்கு அபராதம் வாரண்டியை விடப் பெரிய தலைவலி. அட்வைசர் டைப் பண்ணி முடிச்சதும், "என்ன எழுதியிருக்கீங்க, ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. கேக்கக் கூச்சமா இருக்கும். கேளுங்க. அதுல தேதியும் கிலோமீட்டரும் இருக்கணும், ஒரு காப்பி உங்க கைக்கு வரணும். "கோளாறு இல்லை"ன்னு எழுதின தாளையும் தூக்கிப் போடாதீங்க. வாரண்டி முடியறதுக்கு முன்னாடியே நீங்க புகார் சொன்னதுக்கு அதுதான் சாட்சி. கையெழுத்துப் போடுற இடத்துல, வாரண்டியில வராத கோளாறா இருந்தா பரிசோதனைக் கட்டணம் உண்டுன்னு ஒரு வரி இருக்கலாம். எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போடுங்க.

வண்டியை விடறதுக்கு முன்னாடி டிக்கியைக் காலி பண்ணிடுங்க. நண்பர் ஒருத்தர் பின் பக்கம் கடகடன்னு சத்தம்னு புகார் குடுத்து, பரிசோதனைக் கட்டணமும் கட்டி, கடைசியில டிக்கியில ஸ்டெப்னி குழிக்குள்ள இருந்து எடுத்தது ஒரு இட்லி குக்கர் தட்டு. பொங்கல் விழாவுக்குக் கொண்டு போனதாம்.

"நீங்க ஓட்டுற விதம் அப்படி"ன்னு சொன்னா என்ன பண்றதுன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். இந்தப் பதில் இங்க கோர்ட் வரைக்கும் போயிருக்கு. ஃபோர்டு கம்பெனியோட பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் வண்டிகள் நடுங்குதுன்னு வந்த புகார்களுக்கு, சிலர்கிட்ட ஓட்டுற முறைதான் காரணம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அந்த வண்டிகள்ல பிரச்சினை இருக்குன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சே நடந்தது இது. 2018 ஏப்ரல்ல ஃபெடரல் கோர்ட் 1 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. அதனால அந்தப் பதிலைக் கேட்டதும் நம்ம ஓட்டுதல்லதான் கோளாறோன்னு தலையைத் தொங்கப் போட வேண்டாம். அதையே எழுத்துல தரச் சொல்லுங்க.

நாடு முழுக்கப் பொருந்துற சட்டம்னு சொன்னேனே, அது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், 2011 ஜனவரியில வந்தது. டீலர் வாரண்டி, கம்பெனி வாரண்டி எல்லாத்துக்கும் மேல இது தனியா நிக்குது. விலை, வயசு, ஓடின தூரம் பாத்து ஒரு வண்டி நியாயமா எத்தனை நாள் உழைக்கணுமோ அத்தனை நாள் உழைக்கணும், அவ்வளவுதான் இதோட சாரம். பெரிய கோளாறுன்னா பணமா, மாத்து வண்டியான்னு கேக்கற உரிமை உங்களுக்கு. சின்னக் கோளாறுன்னா முதல்ல ரிப்பேர் பண்ற வாய்ப்பு அவங்களுக்கு. சின்னச் சின்னதா பல கோளாறு சேந்து, "இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா யாரும் இதை வாங்கியிருக்க மாட்டாங்க"ங்கிற நிலைமை வந்தா அதுவும் பெரிய கோளாறு கணக்குதான். வாரண்டி நேத்தே முடிஞ்சுதுன்னு டீலர் சொன்னா பேச்சு அதோட முடியறதில்ல. மாநில அரசோட நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாகிட்ட ஆலோசனை கேக்கலாம், அதுக்கும் மசியலைன்னா இந்த மாதிரி வழக்கை விசாரிக்கிற வீகேட் (VCAT) தீர்ப்பாயம் இருக்கு. வக்கீல் இல்லாம நாமளே போய்ப் பேசலாம். அங்கயும் முதல்ல கேக்கப் போறது அந்த ஜாப் கார்டையும் மெயிலையும்தான்.

புது வண்டி எடுத்தவங்களுக்கு இருக்கிற பெரிய பயம், வெளியில சர்வீஸ் விட்டா வாரண்டி போயிடுமா? போகாது. தகுதியான மெக்கானிக், கம்பெனி சொன்ன முறைப்படி, தகுந்த பாகங்கள் போட்டுச் செஞ்சா போதும், அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. 2022 ஜூலையில இருந்து சர்வீஸ் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் கம்பெனிகள் விக்கணும்னு சட்டமே இருக்கு. ஒண்ணே ஒண்ணு, கம்பெனி தானா நீட்டிக் குடுக்கிற வாரண்டிக்குத் தனி நிபந்தனை இருக்கும். மிட்சுபிஷியோட 10 வருஷம் அப்படித்தான், எல்லா சர்வீஸும் அவங்க டீலர்கிட்டயே நடந்தாத்தான் முழு 10, இல்லைன்னா 5. நான் மூணாவது வருஷத்துல இருந்து வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கிட்டதான் விடறேன். பில்லுல ஆயில் கிரேடு, ஃபில்டர் நம்பர், கிலோமீட்டர் மூணும் இருக்கான்னு பாத்துட்டு, லாக்புக்ல, அதாவது வண்டியோட வர்ற சர்வீஸ் புத்தகத்துல, முத்திரை குத்த வெச்சு வாங்கிட்டு வருவேன்.

சர்வீஸ் தேதியில நம்மாளுங்க வழுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. 12 மாசம் அல்லது 15,000 கிலோமீட்டர்னு போட்டிருந்தா, எது முதல்ல வருதோ அது. "வீட்டுல இருந்துதானே வேலை, 6,000 தானே ஓடியிருக்கு"ன்னு ஒண்ணரை வருஷம் விட்டா, கோளாறு வரும்போது அவங்க கைக்கு ஒரு காரணம் கிடைச்சுடும். சர்வீஸ் அன்னைக்குப் பதினோரு மணிக்கு போன் வரும்: எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், கேபின் ஃபில்டர், பண்ணிடலாமா? "லாக்புக்ல இந்த சர்வீஸுக்கு அது போட்டிருக்கா?"ன்னு மட்டும் கேளுங்க. பிரேக் ஆயில் மாத்தறது பொதுவா போட்டிருக்கும், அதை வேண்டாம்னு சொல்லாதீங்க. ஃப்ளஷ் பெரும்பாலும் இருக்காது. கேபின் ஃபில்டர் நிறைய வண்டியில கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடிதான், கடையில வாங்கி நீங்களே பத்து நிமிஷத்துல மாத்திடலாம்.

டேஷ்போர்டு விளக்கு பத்தி ரெண்டு வார்த்தை. சிவப்பு எரிஞ்சா ஓரம் கட்டி நிறுத்துங்க. மஞ்சள்னா சீக்கிரம் காட்டுங்க. எஞ்சின் விளக்கு மின்னி மின்னி அணைஞ்சா அதையும் சிவப்பு மாதிரியே எடுத்துக்கோங்க. ஜூன், ஜூலை காலையில டயர் விளக்கு எரியறது பெரும்பாலும் குளிர்ல காத்து இறங்கினதுதான். டிரைவர் கதவுத் தூண்ல இருக்கிற ஸ்டிக்கர் பாத்து பெட்ரோல் பங்க்ல காத்து அடிங்க, ஆனா அதே டயர் மறுபடி மறுபடி இறங்கினா ஆணிதான். வண்டி கம்ப்யூட்டர்ல பதிவாகிற கோளாறுக் குறியை (ஃபால்ட் கோட்) படிக்கிற சின்னக் கருவி வாங்கி வெச்சிருக்கிறவங்க, குறியை அழிச்சுட்டு வண்டியைக் கொண்டு போகாதீங்க. விளக்கு அணைஞ்சிருந்தா அவங்க திருப்பி அனுப்பிடுவாங்க, சாட்சியை அழிச்சது நீங்கதான். ரீகால்னு, அதாவது கோளாறைச் சரி பண்ண கம்பெனியே வண்டியைத் திருப்பிக் கூப்பிடுதுன்னு, கடிதம் வந்தா வாரண்டி முடிஞ்சிருந்தாலும் அந்த வேலை இலவசம், பழைய வண்டின்னா அரசாங்க ரீகால் பக்கத்துல நீங்களே தேடிப் பாருங்க.

கடைசியா, மூணு மாச வாரண்டி உள்ளவங்க பதினோராவது வாரத்துல ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. காலி பார்க்கிங்ல ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு மெதுவா சுத்துங்க, ரிவர்ஸ் போங்க, நாலு கண்ணாடியையும் ஏத்தி இறக்குங்க, சீட் பெல்ட் எல்லாத்தையும் இழுத்துப் பாருங்க. ஏசி, ஹீட்டர் ரெண்டையும் போடுங்க. சென்னையில இருந்து வந்த நண்பன் டிசம்பர் வெயில்ல வண்டி எடுத்தான். ஏசியைப் பாத்துப் பாத்து சோதிச்சான். ஹீட்டர்னு ஒண்ணு இருக்கிறதே அவன் நினைப்புல இல்ல. ஜூன் மாசம் முதல் குளிர்ல திருகினா, பச்சைத் தண்ணி மாதிரி காத்து வந்துச்சு.