இலவசம் என்று சேர்ந்த வானியல் பாடத்துக்குப் பணம் பிடிக்கப்போகிறார்களாம்

மொட்டைமாடி:
வணக்கம். தபால் துறையில் ஓய்வு பெற்றவன். வானியல் படிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாள் ஆசை. ஒரு தளத்தில் ‘இலவசம்’ என்று பார்த்துச் சேர்ந்தேன். கார்டு எண் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். ஆறு நாள்தான் ஆகிறது, நாளை மறுநாள் பணம் எடுக்கப்படும் என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. செயலியை அழித்துவிட்டேன். அது போதுமா? சான்றிதழ் எனக்கு வேண்டாம், பாடம்தான் வேண்டும். ஆங்கிலம் வேகமாகப் போனால் பிடிபடவில்லை.

காவேரிக்கரை:
போதாது சார். செயலியை அழித்தாலும் சந்தா அப்படியே இருக்கும். நீங்கள் சேர்ந்தது இலவசப் பாடம் இல்லை, சில நாள் இலவச சோதனை. கணினியில் அந்தத் தளத்துக்குள் போய், உங்கள் கணக்கில் சந்தா என்ற பகுதியில் ரத்து செய்யுங்கள். ரத்தான மின்னஞ்சல் வந்தால் பத்திரமாக வையுங்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு வந்தது அதுதான். நிறுத்தும் வழி அந்தச் செய்தியிலேயே இருக்கும். இன்றைக்கே செய்துவிடுங்கள்.

பழைய மாணவி:
பாடத்துக்கு என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தைப் பாருங்கள் ஐயா. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்துவது. சேர்வது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். பழைய வகுப்புகள் யூடியூபிலேயே இருக்கின்றன, கெடு தேதி பற்றிய கவலை வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற இலவசப் பாடத் தளத்தில் பெயர்கூடப் பதிய வேண்டாம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் வானியல் பாடநூல் முழுதாக இலவசம். வீடியோ வேகத்தை 0.75 ஆக்கி, எழுத்துரையையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் ஒரு பாடத்தை நாலு மாதம் எடுத்து முடித்தேன், அவசரமே படவில்லை.
அப்புறம், பைனாகுலர் இருக்கிறதா?

மொட்டைமாடி:
ரத்து செய்துவிட்டேன், மின்னஞ்சலும் வந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. பைனாகுலர் இருக்கிறது அம்மா. நேற்று கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வியாழனைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று புள்ளிகள்.

பழைய மாணவி:
அவை நிலாக்கள்! பெரிய நிலாக்கள் நான்கு. ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும், அல்லது ஒட்டி நின்றிருக்கும். தினமும் ஒரே நேரத்தில் நோட்டில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு பக்கமும் புள்ளி வையுங்கள். அந்த நான்கில் வியாழனுக்கு மிக அருகில் இருக்கும் அயோ ஒரு சுற்று வர சுமார் 42 மணி நேரம், தள்ளி இருக்கும் கனிமீடுக்கு ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் அதிகம். தூரத்தில் இருப்பது மெதுவாகச் சுற்றும் என்ற கெப்ளர் விதியை அந்தப் பக்கங்களிலேயே பார்க்கலாம். அதற்கப்புறம் அந்த விதி பற்றிய பாடத்தைத் திறந்து பாருங்கள்.

மொட்டைமாடி:
இன்று மேகம் இல்லை. நான்கு புள்ளிகள் தெரிகின்றன, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மூன்று. தேதி போட்டு வரைந்துவிட்டேன்.