சாட்டிலைட் இணைப்பில் மேமோகிராம் படங்களை வேறு நாட்டு ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி: வேன்_டெக்
மார்பகப் புற்றுநோய் பரிசோதனை வேன், ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊர்களுக்குப் போகிறது. படம் பார்த்து ரிப்போர்ட் தருபவர் வேறு நாட்டில். ஜியோஸ்டேஷனரி சாட்டிலைட் (பூமியோடு சேர்ந்து சுற்றுவது), அப்லோடு 2 எம்பிபிஎஸ், ஐபிசெக் விபிஎன் (எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் இணைப்பு). நாளுக்கு 30 பேர், ஆளுக்கு 4 படம். இயந்திரத்திலிருந்து நேராக சி-ஸ்டோர் (மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரநிலையில் படம் அனுப்பும் கட்டளை) போட்டால் பாதியில் அறுந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்ததிலும் சில படங்கள் வெளிறிக் கிடக்கின்றனவாம்.

பதில் 1: பேக்ஸ்_நிர்வாகி
3328 × 4096 பிக்சல், பிக்சலுக்கு 2 பைட் என்றால் ஒரு படம் சுமார் 27 எம்பி. ஆளுக்கு 108 எம்பி, 7 நிமிடத்துக்கு மேல். 30 பேருக்கு மூன்றரை மணி நேரம் தாண்டும். இது எல்லாம் ஒழுங்காக ஓடினால்தான். சி-ஸ்டோரில் ஒவ்வொரு படத்துக்கும் பதில் வரக் காத்திருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் அந்தப் படம் முதலிலிருந்து போகும்.

வேனுக்குள்ளேயே ஆர்தாங்க் போன்ற சிறு டைகாம் சர்வர் வையுங்கள். இயந்திரம் அதற்கு அனுப்பட்டும். அது ஜெபெக்-எல்எஸ் முறையில் லாஸ்லெஸ்ஸாக (எந்தத் தகவலும் இழக்காமல்) சுருக்கி, எச்டிடிபிஎஸ் வழியாகத் துண்டு துண்டாக அனுப்பட்டும். மேமோகிராமில் கறுப்புப் பின்னணி அதிகம் என்பதால் நன்றாகவே சுருங்கும். மூன்றில் ஒரு பங்கானால் ஆளுக்கு இரண்டரை நிமிடம்தான். லாஸி (தகவல் இழக்கும்) சுருக்கம் வேண்டவே வேண்டாம், புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடிய நுண்சுண்ணப் புள்ளிகள் மங்கிவிடும்.

ஐபிசெக்கும் இங்கே எதிரிதான். அது டிசிபி ஹெடரையே (ஒவ்வொரு தரவுத் துண்டின் தலைப்புத் தகவல்) மறைத்துவிடுவதால் சாட்டிலைட் மோடத்தின் வேகமூட்டி வேலை செய்யாது. எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் டிஎல்எஸ் மறையாக்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

வெளிறிய படங்கள்: டைகாம் கோப்பில் (0008,0068) டேக்கை (படத்தோடு வரும் தகவல் புலம்) பாருங்கள். ‘ஃபார் பிராசசிங்’ என்றிருந்தால் போனது கச்சாப் படம். மனிதர் பார்க்க ‘ஃபார் பிரசென்டேஷன்’தான் போக வேண்டும். சில ஏஐ மென்பொருள்கள் கச்சாவைத்தான் கேட்கும். அதற்கு வேறு பாதை வையுங்கள்.

பதில் 2: டைகாம்_பிரியன்
வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் நோயாளி பெயரை நீக்குவதானால், அதில் இரண்டு கண்ணிகள். பெயரை நீக்கும்போது ஆர்தாங்க் ஒவ்வொரு முறையும் புது நோயாளி எண் போடும். பழைய படமும் புதுப் படமும் இரண்டு பேருடையதாகிவிடும். ஒப்பிடப் பழைய படம் இல்லையென்றால் தேவையில்லாமல் திரும்ப அழைப்பது கூடும். ஆளுக்கு ஒரு நிலையான குறியீடு வைத்து, ஆர்தாங்கின் பெயர் நீக்கக் கட்டளையில் ‘ரீப்ளேஸ்’ பகுதியில் கொடுத்து, ‘ஃபோர்ஸ்’ஐயும் இயக்குங்கள். குறியீட்டுப் பட்டியல் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

அடுத்தது பிரைவேட் டேக், அதாவது இயந்திர நிறுவனம் தனக்கென வைக்கும் தகவல் புலம். பழைய சில டோமோ (அடுக்கு அடுக்காகப் படம் எடுக்கும்) இயந்திரங்கள் படத்தையே அதற்குள்தான் வைக்கும். மொத்தமாக அழித்தால் படமும் போய்விடும்.

பதில் 3: ஸ்கிரீனிங்_ஒருங்கிணைப்பு
பெயரை எடுத்துவிட்டதால் சட்டம் பொருந்தாது என்று நினைக்காதீர்கள். குறியீட்டை வைத்து ஆளை மீண்டும் கண்டுபிடிக்க முடிகிறவரை, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பார்வையில் அது தனிநபர் தரவுதான். ரிப்போர்ட் தருபவருக்கு நோயாளி இருக்கும் நாட்டிலும் பதிவு தேவையா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வேன் கிளம்பிய பிறகு ‘படம் சரியில்லை, மறுபடி எடுங்கள்’ என்று பதில் வந்தால் அந்தப் பெண்ணை எங்கே தேடுவது? ஆகவே எடுத்த கையோடு டெக்னீஷியன் பார்க்க வேண்டும்: எம்எல்ஓவில் (சாய்வாக எடுக்கும் படம்) மார்புத் தசை காம்பு மட்டம் வரை இறங்கியிருக்கிறதா, காம்பிலிருந்து பின்னோக்கிய ஆழம் சிசியிலும் (மேலிருந்து கீழாக எடுக்கும் படம்) எம்எல்ஓவிலும் 1 செ.மீ. வித்தியாசத்துக்குள் இருக்கிறதா, அசைவு மங்கல் உண்டா.

வேன்_டெக்
டேக் பார்த்தேன், வெளிறியவை எல்லாம் கச்சாதான். இயந்திரம் இரண்டையும் அனுப்புகிறது.

பேக்ஸ்_நிர்வாகி
அப்படியானால் வேன் சர்வரிலேயே அந்த டேக்கை வைத்து வடிகட்டுங்கள். அனுப்பும் அளவும் பாதியாகும்.