மோதியது மைவி, பாதிப் பழி என் மேலா? – சுங்கை சிப்புட், மலேசியா

கேள்வி: தென்காசியிலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பெரிய ரோட்டில் நேராகப் போனபோது, தோட்டத்து மண் ரோட்டிலிருந்து ஒரு மைவி கார் நிற்காமல் ஏறி என் கார் மீது மோதியது. அவருடைய காப்புறுதி நிறுவனம், இருவர் மேலும் பாதிப் பாதி தவறு என்று எழுதியிருக்கிறது. ஒப்புக்கொள்வதா அண்ணே?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அது எதிர்த்தரப்பின் பேச்சு, தீர்ப்பு இல்லை. நீங்கள் வேகமாக வந்ததாக அவர் சொல்லியிருப்பார். இங்கே எல்லாரும் சொல்வது அதுதான்.

24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்திருப்பீர்கள். அது மலாயில் இருக்கும், புரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் நம்மில் நிறைய. யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போனது இருந்தால் கூடுதல் ரிப்போர்ட் கொடுக்கலாம். அப்புறம் ஐஓவின் (விசாரணை அதிகாரியின்) விசாரணை முடிவையும் விபத்து வரைபடத்தையும் காசு கட்டி வாங்குங்கள். சம்மன், அதாவது போலீஸ் அபராதச் சீட்டு, யாருக்கு என்பதுதான் முக்கியம். நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் காப்புறுதிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். உங்களுக்கே சம்மன் வந்து, அது தவறு என்று நினைத்தால், அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

முடிவு உங்கள் பக்கம் என்றால், காப்புறுதியும் முழுக் காப்புறுதி என்றால், மைவிக்காரரின் நிறுவனத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம். உங்கள் நிறுவனத்திடமே கேஎஃப்கே முறையில், அதாவது அவரவர் நிறுவனமே அவரவர் காரின் சேதத்துக்குக் கொடுக்கும் முறையில், கேளுங்கள். காரையும் பழுதுபார்த்துக்கொள்ளலாம், என்சிடியும் (இழப்பீடு கேட்காதவருக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகாது. 55 விழுக்காடு வரை சேரும் அது, சும்மா விடக்கூடாது.

கேள்வி: என்னுடையது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் அண்ணே, என் கார்ச் சேதத்துக்கு அதில் கிடைக்காது. டாஷ்கேமும் இல்லை.

பதில்: அப்படியானால் அவர்களோடுதான் மோத வேண்டும். தோட்டத்து வாசலில் ஜாகா (காவலாளி) இருப்பாரே, அவர் பார்த்தாரா என்று கேளுங்கள். எதிர்க்கடையில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், பழைய பதிவு அழிந்துவிடும். எல்லாவற்றையும் இணைத்து, பாதிப் பாதி என்பதற்குக் காரணம் கேட்டு, அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது.

அவர்களுடைய இறுதிப் பதிலிலும் திருப்தி இல்லை என்றால், அது கிடைத்த 6 மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சேவைக் குறைதீர் அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து, முன்பு இருந்த ஓஎஃப்எஸ் என்ற குறைதீர் அமைப்பின் வேலையை அதுதான் பார்க்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் மூன்றாம் தரப்பு வாகனச் சேதம் 10,000 ரிங்கிட் வரைதான். அதற்கு மேல் என்றால் வக்கீலைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் உண்டு.