அம்மம்மா வீடு குழு: அபியின் பொருளியல் கேள்வி

அபி: எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் பொருளியலுக்கு பிரெக்சிட், அதாவது பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது பற்றி ஒப்படை எழுதுகிறேன். ஒரு இடத்தில் முட்டுப்பட்டு நிற்கிறேன். 2020 டிசம்பர் 24 இல் இரண்டு தரப்பும் செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் இறக்குமதி வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. அப்படியென்றால் பிரித்தானியாவின் வியாபாரம் ஏன் அடிபட்டது?

சுதன் அண்ணா: இதை மாமாவிடம் கேள். பாரிசில் லா சப்பலில் இருக்கும் எங்கள் கடைக்கு முந்தி வாராவாரம் லண்டனிலிருந்து அவருடைய வான் வரும். இப்போது வருவதில்லை.

ரகு மாமா: ஓம் பிள்ளை. இரவு லண்டன் ஹாரோவில் ஏற்றினால் விடியப் பாரிசில் இறக்கலாம். ஒரு பில் போதும். 2021 ஜனவரியிலிருந்து பிரான்சின் கலே துறைமுகத்தில் சுங்கப் பத்திரம் கேட்டார்கள். அதைக்கூடச் சமாளிக்கலாம். வரி கட்டச் சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. வரி இல்லை என்றுதானே செய்தியில் சொன்னார்கள்?

மீரா அக்கா: அபி, நீ எழுத வேண்டிய இடமே இதுதான். சுங்கத்தில் சாமான் விடுவிக்கும் கிளியரிங் வேலையில் தினமும் நான் பார்ப்பது. வரி இல்லை என்பது பிரித்தானியாவிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உற்பத்தியான சாமானுக்கு மட்டும். மாமா அனுப்பியது இந்தியாவிலும் இலங்கையிலும் செய்த சாமான். லண்டனில் பைக்கற்றில் போட்டு லேபல் ஒட்டினால் அது பிரித்தானியப் பொருள் ஆகிவிடாது. வரி உள்ள சாமான் என்றால் லண்டனுக்கு வரும்போது ஒருமுறை, கலே தாண்டும்போது இன்னொருமுறை கட்ட வேண்டும்.

மீரா அக்கா: அதோடு இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை 2017 இல் திரும்பக் கிடைத்ததே, அது கொழும்பிலிருந்து நேரே பிரான்சுக்குப் போனால் செல்லும். லண்டனில் சுங்கம் முடித்து உள்ளே எடுத்த சாமானைத் திரும்ப அங்கே அனுப்பினால் அந்தச் சலுகை இல்லை.

சுதன் அண்ணா: அதனால்தான் இப்போது ரொட்டர்டாமில் ஒரு மொத்த வியாபாரியிடம் எடுக்கிறோம். லண்டனுக்குப் போன காசு நெதர்லாந்துக்குப் போகிறது.

ரகு மாமா: நெய்யை விட்டுவிட்டீர்கள். நெய் அனுப்ப மிருக வைத்தியர் கையெழுத்து வைத்த சான்றிதழ் வேண்டும். பெரிய கம்பனி ஒரு கொள்கலனுக்கு ஒரு சான்றிதழ் எடுக்கும். என் வானில் ஏறுவது நாலு பெட்டி. அதற்கும் ஒரு சான்றிதழ்.

பெரியப்பா: ஒன்று கேட்கிறேன். பேச்சுவார்த்தை மேசையில் இருந்தவர்கள் இதை முன்னமே பார்க்கவில்லையா?

மீரா அக்கா: பிரசல்சில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பக்கம் இருந்தவர்கள் பார்த்தார்கள் பெரியப்பா. 2017 டிசம்பரில் அவர்களின் தலைமைப் பேச்சாளர் மிஷேல் பார்னியே ஒரு படம் காட்டினார், படிக்கட்டு மாதிரி. மேலே போகப் போக ஒன்றியத்தோடு நெருக்கம் கூட. மேலே நோர்வே, அடுத்து சுவிட்சர்லாந்து, உக்ரைன், துருக்கி, கீழே கனடா. ஆட்கள் தாராளமாக வந்துபோவது வேண்டாம், ஐரோப்பிய நீதிமன்றம் வேண்டாம், மற்ற நாடுகளோடு நாங்களே ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று அப்போதைய பிரித்தானியப் பிரதமர் தெரேசா மே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படியாக இறங்க வேண்டி வந்தது. மிஞ்சியது கனடாப் படி. உள்ளுக்குள் சுங்கம் இல்லாத ஐரோப்பிய சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியே நிற்பது என்று முடிவெடுத்த அன்றே மாமாவின் வானுக்கும் முடிவு வந்துவிட்டது.

பெரியப்பா: நேரத்தையும் சொல். அதுதான் எனக்குக் கோபம்.

மீரா அக்கா: ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50 ஆம் உறுப்புரைப்படி, விலகுவதாக அறிவித்த நாளிலிருந்து இரண்டு வருடம். கையில் திட்டம் இல்லாமல் 2017 மார்ச் 29 இல் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். கடிகாரம் ஓடினால் நெருக்கடி யாருக்கு? போகிறவருக்குத்தான். முதலில் குடிமக்கள் உரிமை, கட்ட வேண்டிய பணம், அயர்லாந்து எல்லை, அதற்குப் பிறகுதான் வர்த்தகம் என்று பிரசல்ஸ் வரிசை போட்டது. அந்தக் கோடை முழுக்க இதற்கே சண்டை நடக்கும் என்று பிரித்தானியாவின் பிரெக்சிட் அமைச்சர் டேவிட் டேவிஸ் சொல்லியிருந்தார். ஜூன் 19, பேச்சுத் தொடங்கிய முதல் நாளே ஒத்துக்கொண்டார்.

அபி: அயர்லாந்து ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை?

நிலா அக்கா: நான் பெல்பாஸ்டில் இருக்கிறேன், நான் சொல்கிறேன். வட அயர்லாந்து பிரித்தானியாவோடு, அயர்லாந்துக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில். 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு இங்கே எல்லையில் ஒரு சாவடியும் இல்லை. காலையில் எல்லை தாண்டி வேலைக்குப் போய் மாலை திரும்புகிற சனம் இருக்கிறது. அங்கே திரும்ப ஒரு சோதனைச் சாவடி போட ஒருவருக்கும் மனமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் வேறு வேறு சட்டம் என்றால் எங்கேயோ ஒரு இடத்தில் சோதிக்கத்தானே வேண்டும்? மேயின் விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றதற்கு இதுதான் முக்கிய காரணம். மொத்தம் மூன்று தடவை தோற்றது.

நிலா அக்கா: பிறகு அடுத்த பிரதமர் ஜோன்சன் அந்தச் சோதனையைக் கடலுக்கு மாற்றினார். ஒரே நாட்டுக்குள் லிவர்பூலிலிருந்து பெல்பாஸ்டுக்குச் சாமான் வரப் பத்திரம். 2023 இல் இரண்டு தரப்பும் செய்த வின்ட்சர் ஏற்பாட்டுக்குப் பிறகு இங்கேயே விற்கும் சாமானுக்குச் சோதனை குறைந்த பச்சைப் பாதை வந்து கொஞ்சம் இலகு. இப்போதும் என் பால் பக்கற்றில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறது.

ரகு மாமா: நான் 2016 வாக்கெடுப்பில் விலகத்தான் வாக்களித்தேன். காரணத்தையும் சொல்கிறேன், அபி எழுதட்டும். ஐரோப்பாவிலிருந்து எவரும் பெட்டியோடு வந்து வேலை தேடலாம். ஊரிலிருந்து ஒரு நல்ல சமையல்காரரைக் கூப்பிட எங்களுக்கு வழியில்லை. அது நியாயமா? 2022 இல் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தபோது எங்கள் பக்கத்து ஆட்களும் வந்தார்கள்தானே?

மீரா அக்கா: அந்த அநியாயம் உண்மை மாமா. ஆனால் அந்த விசாவைத் திறக்க விலகத் தேவையில்லை. மற்ற நாட்டவருக்கான விசா எப்போதும் லண்டன் கையில்தான் இருந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளரை எடுப்பதை மூடியதும் லண்டன்தான்.

ரகு மாமா: இந்தியாவோடு ஒப்பந்தம் செய்தார்களே. சிபிடிபிபி என்ற பசிபிக் வர்த்தகக் கூட்டணியிலும் சேர்ந்தார்கள்.

மீரா அக்கா: செய்தார்கள், நல்லது. ஆனால் அளவைப் பாருங்கள். பசிபிக் கூட்டணியால் மொத்த உற்பத்திக்குக் கிடைப்பது 0.1 சதவீதம்கூட இல்லை என்பது அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு. விலகலால் நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும், ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதம் குறையும் என்பது ஓபிஆர் என்ற சுயாதீன வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு. அபி, விலகாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுச் சொன்னது இது. நாடு 4 சதவீதம் சுருங்கியது என்று எழுதிவிடாதே.

அபி: சரி அக்கா, குறித்துக்கொண்டேன். 2025 மே மாதம் லண்டனில் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் நடத்திய மாநாட்டில் உணவுப் பரிசோதனையைக் குறைக்க ஒத்துக்கொண்டார்களே, அது நடைமுறைக்கு வந்தால் மாமாவின் வான் ஓடுமா?

மீரா அக்கா: சான்றிதழ் போகும், நெய் அனுப்புவது இலகுவாகும். அதே நாளில் ஐரோப்பிய மீன்பிடிப் படகுகளுக்கு 2038 வரை அனுமதி கொடுத்தார்கள், அதையும் எழுது. ஆனால் சாமான் எங்கே உற்பத்தியானது என்ற விதியும் சுங்கப் பத்திரமும் அப்படியே இருக்கும்.

சுதன் அண்ணா: நெய் மட்டும் என்றால் வான் டீசலுக்கே காணாது.

ரகு மாமா: சுதன், ரொட்டர்டாம்காரர் என்ன விலைக்குத் தருகிறார்? தனியாக அனுப்பு, பார்க்கிறேன்.