அத்தையின் போனை வாங்கி வைத்துக்கொள்ள முதியோர் இல்லத்துக்கு உரிமை உண்டா?

வீரவநல்லூர் தையல்கடை:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா கூடப்பிறந்த அத்தைக்கு 73 வயது. பிள்ளைகள் இல்லை. மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருடைய குடும்ப பென்ஷன் அத்தைக்கு வருகிறது. மாமாவின் தம்பி மகன் போன கார்த்திகையில் அத்தையைப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். முன்பணம் ஒரு லட்சம், மாதம் 9,500 ரூபாய். இரண்டுமே அத்தையின் பணம்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டன் போனை ஆபீஸில் வாங்கி வைத்துவிட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் பத்து நிமிடம் கொடுப்பார்கள், ஒரு பெண் பக்கத்திலேயே நிற்பாள். ஏடிஎம் கார்டு மேனேஜரின் மேசை டிராயரில். ராத்திரி 8 மணிக்கு அறையை வெளியே பூட்டுகிறார்கள். அவசரத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதைச் சொல்லும்போது அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை டவுணில் வாழ்க்கைப்பட்டவள். ஆனித் தேருக்கு நெல்லையப்பர் வடத்தைத் தொட்டுக் கும்பிடாத வருடமே அவளுக்குக் கிடையாது. இந்த ஆனியில் ஆட்டோ வைத்துக்கொண்டு போய் இல்லத்து வாசலில் நின்றேன். அத்தை சுங்குடிச் சேலை கட்டித் தயாராக இருந்தாள். "சேர்த்தவர் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அத்தைக்கு மறதி என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். போன மாதப் பால் கணக்கை இன்றைக்குக் கேட்டாலும் பைசா சுத்தமாகச் சொல்வாள் என் அத்தை.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா? யாரிடம் போய் நிற்பது?

தாலுகா ஆபீஸ் ஓய்வு:

தாயி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். சேர்த்துவிட்டவர் உன் அத்தைக்குக் கார்டியன் ஆகிவிட மாட்டார். புத்தி தெளிவாக இருக்கும் ஒருவர் எங்கே இருப்பது, எங்கே போவது, யாரோடு பேசுவது என்பதெல்லாம் அவர் இஷ்டம். 73 வயதானதால் அது போய்விடாது. சேரும்போது பாரத்தில் எத்தனை கையெழுத்து வாங்கியிருந்தாலும், இஷ்டமில்லாதவரை அறையில் வைத்துப் பூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 127ஆம் பிரிவில் குற்றம். ஒரு வருடம் வரை சிறை உண்டு.

மறதி என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மனநல நிலையத்தில் சேர்ந்தவருக்கே போன் பேசவும் பார்க்க வருபவர்களைச் சந்திக்கவும் உரிமை கொடுத்திருக்கிறது. சங்கிலியால் கட்டுவதற்கு அடியோடு தடை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் கருகிப்போனவர்கள் 28 பேர். நான் அப்போது சர்வீஸில் இருந்தேன். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அன்றைக்கு ஆபீஸில் யாரும் வேலை பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது: 14567 முதியோர் உதவி எண்ணில் சொல். மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடு. திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலும் ஒரு நகல் கொடுத்து ரசீது வாங்கிக்கொள். எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தை கைப்பட நாலு வரி வாங்கு. எழுத முடியும்தானே? அப்புறம், அத்தை பெயரில் வீடு ஏதும் இருந்ததா?

நாசரேத் நர்ஸ்:

அக்கா, நான் அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே 1987இல் இதற்கென்றே சட்டம் வந்தது. தங்கியிருப்பவருக்கு வரும் கடிதத்தை நாங்கள் பிரிக்கக் கூடாது, போன் பேசும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது. எங்கள் வசதிக்காகப் பெல்ட் போட்டு நாற்காலியில் கட்டக் கூடாது. வெளியேற்றுவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். புகார் வாங்கும் அலுவலரின் நம்பரை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருப்போம். ராத்திரி நடமாடும்போது விழுந்துவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கும் உண்டு. அதற்குக் கட்டிலைத் தாழ்த்தி, விளக்கைப் போட்டு, கூட ஓர் ஆள் வைப்போம். பூட்டி வைப்பதெல்லாம் பராமரிப்பே இல்லை அக்கா. அந்த வாளியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

வீரவநல்லூர் தையல்கடை:

அண்ணாச்சி, டவுணில் இருந்த வீட்டை 2019இல் அந்த மாமாவின் தம்பி மகன் பெயருக்கே தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டாள். 'கடைசிக்காலம் வரை வைத்துப் பராமரிக்க வேண்டியது' என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது.

தாலுகா ஆபீஸ் ஓய்வு:

அந்த ஒரு வரி போதும் தாயி, பத்திரமாக வை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்கவில்லை என்றால் அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தீர்ப்பாயம் என்றால் வேறு எங்கோ இல்லை, நம் கோட்டாட்சியர்தான். அத்தை இப்போது பாளையங்கோட்டையில் இருப்பதால் திருநெல்வேலி கோட்டம். உங்கள் ஊரை வைத்துச் சேரன்மகாதேவிக்கு அலைய வேண்டாம். அத்தையே மனுதாரராக இருக்கட்டும். வர முடியாத நிலை என்றால், எனக்காக இவள் கொடுக்கலாம் என்று எழுதித் தந்தால் நீ கொடுக்கலாம். சொத்து வாங்கிய உறவினரிடம் மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்க வழி இருக்கிறது.

மனு எழுத ஆள் வேண்டுமென்றால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி. முன்பணத்தைத் தர மறுத்தால் அது தனி, நுகர்வோர் ஆணையம்.

வீரவநல்லூர் தையல்கடை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சமூக நல ஆபீஸிலிருந்து இரண்டு பேர் என்னோடு வந்தார்கள். அத்தையைத் தனியாக உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினார்கள். போனும் கார்டும் அன்றைக்கே கைக்கு வந்தன. வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். கோட்டாட்சியர் ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று, நோட்டீஸ் போகவேண்டும்.

வீட்டுக்கு வா அத்தை, என்னோடு இரு என்று கூப்பிட்டேன். இப்போது வேண்டாமாம். அறைத்தோழி ஒருத்திக்குக் கண் தெரியாது, அவளுக்குத் தினமும் இவள்தான் தினத்தந்தி வாசித்துக் காட்டுகிறாளாம். சரி என்றேன். தேர் நிலைக்கு வந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் ஆட்டோவில் ரத வீதி நான்கையும் சுற்றி வந்தோம். பழைய வீட்டைத் தாண்டும்போது "மெதுவாகப் போகச் சொல்லு" என்றாள்.